முட்டுச்சந்தில் அழுத முகாஷ்

பிஷ்கெக் நகரத்தின் தெற்கு ஓரத்தில், மலை எழும்புவதற்குக் கொஞ்சம் முன்னால், கென்-ஜோல் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. கிர்கிஸ் மொழியில் அகன்ற பாதை என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்தவன் மட்டும் கையில் கிடைத்தால், சந்தை நாளில் மினிபஸ்ஸில் ஏற்றி நடுவில் நிற்க வைக்க வேண்டும். வேறு தண்டனை தேவைப்படாது.

அங்கே ஏழாம் தெருவில் இரும்பு கேட் செய்கிற முகாஷ் குடியிருக்கிறார். பெரிய உடம்பு, பெரிய காது. வெல்டிங் பொறி பட்டுப் பட்டுப் புருவம் பாதி கருகிப்போனதால் எப்போது பார்த்தாலும் ஏதோ ஆச்சரியச் செய்தி கேட்டவர் மாதிரியே இருப்பார். இந்தக் கதையில் பெரும்பாலும் அவர் வெட்கத்தில் குறுகிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து யாரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மேலே நாரின் மலைகளில் பிறந்தவர். அவருடைய சிநேகிதர் ஒர்மோனும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். பெஞ்சு தேய்ந்த அளவுக்குப் படிப்பு ஏறவில்லை. கூட்டுப்பண்ணை கலைந்து, ஆளுக்குக் கொஞ்சம் ஆட்டைப் பிரித்துக் கொடுத்து, அந்த ஆடுகளையும் குளிர்காலங்கள் தின்று முடித்தபின், இரண்டு பேரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு நகரத்துக்கு இறங்கி வந்தார்கள். நகரத்துக்குள் இடமில்லை. நகரத்துக்கு வெளியே கோதுமை அறுத்த வயல் ஒன்று சும்மா கிடந்தது. ஊரே அங்கே ஓடிக்கொண்டிருந்தது. இவர்களும் ஓடினார்கள்.

அந்த வயலில் தெரு போட எந்த எஞ்சினியரும் வரவில்லை. ஆடு கட்டும் கயிறும் ஒரு வாளி சுண்ணாம்பும்தான் எஞ்சினியர். இருந்தாலும் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக அமைந்தன. காரணம் வேறொன்றுமில்லை, பக்கத்துக்காரன் கயிற்றை ஒரு சாண் தள்ளிவிடுவானோ என்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே நின்றார்கள். முகாஷுக்கு ஏழாம் தெருவில் மனை. அவருக்குப் பின்முதுகில், எட்டாம் தெருவைப் பார்த்தபடி ஒர்மோனுக்கு. கயிற்றை இழுத்துக் கட்டும்போது ஒர்மோன்தான் நிறுத்தினார்.

"டேய், இப்படியே வேலி போட்டுட்டா நான் உன் வீட்டுக்கு டீ குடிக்க ஊரைச் சுத்தி வரணும்டா. ஆடுகூட அப்படிப் போகாது. நீ கொஞ்சம் விடு, நான் கொஞ்சம் விடுறேன்."

இருவரும் ஓரத்தில் ஆளுக்கு ஒரு பட்டை நிலத்தை விட்டார்கள். ஏழாம் தெருவையும் எட்டாம் தெருவையும் சேர்க்கிற ஒரு சந்து பிறந்தது. இதைப் பார்த்து மற்றவர்களும் அங்கங்கே விட்டார்கள். மலைமேல் ஏறி நின்று பார்த்தால் கென்-ஜோல் ஏணிகளை வரிசையாகப் படுக்க வைத்த மாதிரி தெரியும். நீளமான தெருக்கள், நடுநடுவே படிகள்.

அந்தச் சந்தில் நடந்த போக்குவரத்துக்குக் கணக்கே கிடையாது. ஒர்மோன் மினிபஸ் ஓட்டினார். வண்டியை வீட்டில் விட்டதும் செருப்பைக்கூட மாற்றாமல் சந்து வழியாக வந்து முகாஷ் வீட்டில் உட்கார்ந்து, அன்றைக்கு ஏறிய பயணிகளையெல்லாம் ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவார். முகாஷின் மனைவி சூரா உப்புக்காகப் போனால் ஊர்க்கதையோடு வருவாள், உப்பை மறந்துவிடுவாள். ஒருமுறை முகாஷ் கண்ணாடி போடாமல் வெல்டிங் செய்து, கண்ணில் மணல் கொட்டிய மாதிரி எரிச்சல் வந்து புரண்டபோது, ஒர்மோனின் மனைவி ரைகான் உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டு சந்து வழியாக ஓடி வந்தாள். "கண்ணை மூடுங்கண்ணே, அசையாதீங்க" என்று அதட்டி, இரண்டு கண்ணிலும் கிழங்கு வில்லையை வைத்துவிட்டுப் போனாள். வெட்டிய கிழங்கின் ஈரம் காய்வதற்குள் அது கண்ணுக்கு வந்து சேர்ந்திருந்தது. இதை முகாஷ் பின்னாளில் அடிக்கடி நினைத்துக்கொள்வார்.

இதற்கிடையில் நகரம் சும்மா இருக்குமா? கென்-ஜோலுக்குத் தெற்கே தர்பூசணி போட்டிருந்த நிலத்தில் ஒரு குடியிருப்பு முளைத்தது. அதற்கும் தெற்கே இன்னொன்று. மலையடிவாரம் வரைக்கும் வீடு ஏறியது. எல்லோருக்கும் நகரத்துக்குப் போக ஒரே பெரிய ரோடு. அந்த ரோட்டில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் கென்-ஜோலின் சந்துகளில் புகுந்து நடந்தார்கள். முகாஷின் வேலியை ஒட்டிப் பழக்கமில்லாத பூட்ஸ்கள் சேறு மிதித்துக்கொண்டு போயின. ஒருநாள் வேலியில் காயப்போட்டிருந்த ஆட்டுத்தோல் ஒன்று காணாமல் போனது.

முகாஷ் ஒரு கேட் செய்தார். கேட் செய்கிறவருக்கு வேறென்ன தோன்றும்? இரவில் மட்டும் பூட்டுவது என்று பேச்சு. ஒரு சாவி ஒர்மோனிடம். பிறகு பகலிலும் பூட்டினார். பிறகு மூத்த மகன் பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கி வந்தான். அதை நிறுத்த இடமில்லை. சந்து சரியாகக் காரின் அகலத்துக்கு இருந்தது.

ஒர்மோனிடம் கேட்காமல் செய்யவில்லை, அதுதான் இதில் இன்னும் மோசம். முகாஷ் ஒரு செம்மறியை அடித்தார். ஒர்மோன் குடும்பத்தை விருந்துக்கு அழைத்தார். மரியாதைக்குரிய விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத்தலையை, தன் வயதுக்காரன், தினமும் செருப்போடு வந்து போகிறவன் முன்னால் எடுத்து வைத்தார். ஒர்மோன் தலையையும் பார்த்தார், முகாஷையும் பார்த்தார். என்னமோ வரப்போகிறது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அவர் ஆட்டுக் காதை அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு முதல் வாயை மெல்லும்போது, முகாஷ் சந்து விஷயத்தை எடுத்தார்: நடுவில் ஒரு சுவர் வைத்துக் காரை நிறுத்திக்கொள்ளட்டுமா என்று. முன்னால் தலை, வாயில் கறி. கிர்கிஸ்காரன் எவன் மாட்டேன் என்பான்? ஒர்மோன் மென்று முடிக்கிற வரைக்கும் மென்றார். பிறகு தலையாட்டினார்.

சுவர் எழும்பி முடிந்த அன்று ஒர்மோன் தன் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"நல்ல சுவருடா. நேரா இருக்கு."

அவ்வளவுதான். சண்டை கிண்டை ஒன்றுமில்லை. சண்டை வந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும்.

முகாஷ் மூடினதைப் பார்த்து ஐந்தாம் தெருக்காரர் வந்தார். "அண்ணே, எங்க சந்துக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்க, கண்டவனெல்லாம் போறான்." பிறகு பத்தாம் தெரு. ஒருவர் சந்தில் கோழிக்கூடு வைத்தார், ஒருவர் ராஸ்பெரி நட்டார், ஒருவர் குளியலறையே கட்டிவிட்டார். பெரும்பாலான கேட்டுகள் முகாஷ் கையால் செய்தவை. பூ வேலைப்பாடெல்லாம் போட்டுக் கொடுத்தார். சில வருடங்களில் ஏணியில் ஒரு படி மிச்சமில்லை. வெறும் நீளக் கட்டைகள்தான் கிடந்தன, ஒவ்வொரு தெருவும் ஒரு முட்டுச்சந்து. எல்லாத் தெருவும் மேற்கே போய் அந்த ஒரே ரோட்டில் வாயைத் திறந்தது. பின்முதுகில் இருக்கிற வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் தெரு முழுக்க நடந்து, பெரிய ரோட்டில் இறங்கி, சந்தையைத் தாண்டி, அடுத்த தெருவுக்குள் நுழைந்து, மறுபடியும் முழுக்க நடக்க வேண்டும். மினிபஸ் ஓட்டுகிற ஒர்மோனுக்குத்தான் இதன் முழு ருசியும் தெரிந்தது. தெற்கே இருக்கிற அத்தனை ஜனமும் அவர் வண்டியின் முன்னும் பின்னும் நின்றது. பயணிகள் அவரையே திட்டினார்கள்.

ஆரம்பத்தில் ஒர்மோன் சுற்றித்தான் டீ குடிக்க வந்தார். "டீக்கு முன்னாடி பசி வந்திருச்சுடா, ரொட்டி எடு" என்பார். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு பண்டிகைக்கு. மகன் காரை விற்றுவிட்டு ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான். காலியான இடத்தில் முகாஷ் ஆடு கட்டினார். சுவரை எடுத்துவிடலாமே என்று ஒருமுறை சூரா சொன்னாள். ஆட்டை எங்கே கட்டுவது என்று முகாஷ் கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் அப்போது பட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒர்மோன் இருமுவது கேட்கும். ரைகான் கோழியைத் திட்டுவது கேட்கும். ஒர்மோன் பயணிகளை நடித்துக் காட்டுவதும், பேரப்பிள்ளைகள் சிரிப்பதும் கேட்கும். முகாஷ் வெல்டிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார். வசனம் சரியாக விளங்காது. சிரிப்பு மட்டும் விளங்கும்.

ஒர்மோன் இறந்தது பேருந்து நிலையத்தில். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் வாளிப் பக்கத்தில் உட்கார்ந்தார், எழவில்லை. மறுநாள் காலையில் அவர் வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரத்தை எழுப்பி, உள்ளே அவரைக் கிடத்தினார்கள். பெண்கள் உள்ளே அமர்ந்து பாடி அழுதார்கள். ஆண்கள் வெளியே கோல் ஊன்றி வரிசையாக நின்றார்கள்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சாவு வீட்டுக்கு ஆண்பிள்ளை சத்தமில்லாமல் போகக்கூடாது. தூரத்திலேயே வாய்விட்டு அழத் தொடங்கி, ஓலமிட்டபடியே வர வேண்டும். அதைக் கேட்டதும் வாசலில் நிற்கும் ஆண்கள் பதிலுக்கு ஓலமிடுவார்கள். வந்தவன் அவர்களைக் கட்டிக்கொண்டு அழுது முடிப்பான். நடுவழியில் நிறுத்தினால் அது அழுகையல்ல, நடிப்பு என்று பேர்.

முகாஷ் இரவெல்லாம் வெறித்தபடி உட்கார்ந்திருந்தவர். கூடாரம் எழும்பிவிட்டது என்று சூரா சொன்னதும் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலைத் தாண்டும்போதே வாய் திறந்துகொண்டது. "என் மலையே, என் தோழா, என் முதுகெலும்பே" என்று அலறிக்கொண்டு ஓடினார். கால்களுக்கு யாரும் வழி சொல்லவில்லை. கால்கள் அவற்றுக்குத் தெரிந்த பழைய வழியில் போயின. வீட்டின் பக்கவாட்டில் திரும்பி, கேட்டைத் தள்ளி, நேரே போய், ஆடுகளுக்கு நடுவில் நின்றன.

முன்னால் சுவர்.

ஆடுகள் மிரண்டு மூலைக்கு ஒதுங்கின. ஒரு கிடா மட்டும் மென்றுகொண்டே அவரைப் பார்த்தது.

அதைவிடக் கொடுமை என்னவென்றால், சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு ஓலம் பக்கத்திலேயே கேட்டது. யாரோ வந்துவிட்டார்கள் என்று அவர்களும் பதில் ஓலத்தைத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் முகாஷ், மறுபக்கம் பத்துப் பதினைந்து ஆண்கள், நடுவில் சுவர். அவர்கள் அழுதபடி வாசலைப் பார்த்தார்கள். வாசலில் ஆளில்லை. அழுகை ஒவ்வொருவராக ஓய்ந்தது. முகாஷும் நிறுத்தினார். நிறுத்தக்கூடாததை நிறுத்தினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இளவட்டக் குரல் கேட்டது.

"யாரு வந்தது? ஆளையே காணோம்?"

ஒர்மோனின் தம்பி சகின் பதில் சொன்னார். "முகாஷ் அண்ணன். சுத்தி வரணும் பாவம். நேரமாகும்."

யாரோ மூக்கால் ஒரு சத்தம் விட்டு, அதை இருமலாக மாற்றினார்கள். சாவு வீடு என்பதால் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று முகாஷுக்குப் பட்டது.

அவர் சுற்றிப் போனார். ஏழாம் தெரு முழுக்க நடந்தார். அழுதுகொண்டே போவதா, வாயை மூடிக்கொண்டு போய் எட்டாம் தெருவில் மறுபடி தொடங்குவதா என்று தெரியவில்லை. இந்த அளவு தூரத்துக்கு வழக்கத்தில் ஏற்பாடில்லை. முதலில் அழுதார். பெரிய ரோட்டில் நின்ற வண்டிகளின் ஹார்னில் அவர் சத்தம் அவருக்கே கேட்கவில்லை. நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண் கனிவாக விசாரித்தாள்: "பஸ்ஸை விட்டுட்டீங்களா அண்ணே? பின்னாடி இன்னொண்ணு வரும்." முகாஷ் வாயை மூடிக்கொண்டார். சந்தையில் ஒருவன் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். கல்யாண மண்டபத்தில் மைக்கைச் சோதித்தார்கள். அவர் செய்து கொடுத்த பூ வேலைப்பாட்டுக் கேட் ஒன்று வெயிலில் மின்னியது. எட்டாம் தெருவுக்குள் திரும்பியபோது ஓலத்துக்காக வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

கூடாரத்தை நோக்கி வாய் திறந்தபடி, சத்தமில்லாமல், ஆச்சரியப்பட்ட முகத்தோடு நடந்தார். ஆண்கள் கோலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதற்குப் பதில் ஓலமிடுவது? சகின்தான் முன்னால் வந்து அவரைக் கட்டிக்கொண்டார். முகாஷ் அவர் தோளில் நெற்றியை வைத்தார். அழுகை வரவில்லை. வெட்கம் மட்டும் காது வரைக்கும் ஏறியது. காதும் சின்னக் காதல்ல.

இடுகாடு ஏழாம் தெரு முட்டுகிற கடைசியில், மேட்டில். சந்து இருந்தால் பிணத்தைத் தூக்கி நேரே நடந்துவிடலாம். முகாஷ் சகினின் கையைப் பிடித்துக்கொண்டு, கிழிந்த குரலில், சுவரை இப்போதே இடித்துவிடுகிறேன், ஆள் விடு, ஒரு மணி நேரம் போதும் என்றார். சகின் ரைகானிடம் கேட்க வேண்டும் என்று கூடாரத்தின் பின்பக்கம் போனார். முகாஷும் போனார். கம்பளிச் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றது. சகின் குனிந்து விஷயத்தைச் சொன்னார். ரைகானின் குரலும் போயிருந்தது.

"வேணாம்னு சொல்லுங்க. இவருக்குச் சுத்திப் போயே பழகிருச்சு."

முகாஷுக்கு நேரடியாகக் கேட்டது. அண்ணே என்ற சொல் அதில் இல்லாததும் கேட்டது.

பாடையை லாரியில் ஏற்றினார்கள். லாரி பெரிய ரோட்டில் இறங்கியதும் நின்றது. அன்று சந்தை நாள். தெற்கே இருக்கிற ஊர் மொத்தமும் அந்த ஒரே வாயில் அடைத்துக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் ஒர்மோன் நின்ற அதே இடம். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆண்கள் பாடையை இறக்கித் தோளில் ஏற்றி, வண்டிகளுக்கு நடுவே நடந்தார்கள். மற்ற மினிபஸ் ஓட்டுநர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்கள். பாடைக்குத் தோள் கொடுப்பதில் முறை உண்டு. கொஞ்ச தூரம் சுமந்துவிட்டு அடுத்தவனுக்கு விட வேண்டும், எல்லோருக்கும் புண்ணியம் வேண்டுமே. முகாஷ் விடவில்லை. மாற்ற வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எதிர்த்தோளுக்குப் போனார்கள். அவர் வீட்டு வாசலைப் பாடை கடந்தபோது, உள்ளே ஓர் ஆடு கத்தியது.

அதன்பிறகு வியாழக்கிழமைதோறும் ரைகான் எண்ணெய் காய வைத்தாள். இறந்தவர் ஆவிக்கு அந்த வாசனை போய்ச் சேர வேண்டும் என்று ரொட்டி பொரித்து, ஏழு ரொட்டியாக அடுக்கி அக்கம்பக்கத்துக்கு அனுப்புவது வழக்கம். வாசனைக்குச் சுவர் ஒரு பொருட்டில்லை, நேரே முகாஷின் முற்றத்துக்கு வந்துவிடும். ரொட்டி வெகு நேரம் கழித்து, தெரு சுற்றி, பேரப்பிள்ளை கையில் வரும். ஆறிப்போய், விறைத்துப்போய் வரும். முகாஷ் அதை ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தின்பார். அவருக்கு அது ரொட்டி மாதிரி இருக்காது. ஆனாலும் தின்பார்.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் அவர் ஆடுகளை அவிழ்த்து விற்றார். ஆட்டுக்கொட்டகைக் கூரையைப் பிரித்தார். சுவரை இடித்தார். தனியாகவே இடித்தார், உதவிக்கு வந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டார். ஒர்மோன் சொன்னது நிஜம்தான். நேரான சுவர், இடிக்கக் கஷ்டமாக இருந்தது. கடைசிச் செங்கல் விழுந்தபோது ரைகான் முற்றத்தில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தீனி போடுவதைத் தொடர்ந்தாள்.

ஐந்தாம் தெருக்காரரிடமும் பத்தாம் தெருக்காரரிடமும் போய், கேட்டுகளைக் கழற்றிக்கொள்கிறேன், காசு கேட்கமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். ஒருவர் டீ கொடுத்து அனுப்பினார். குளியலறை கட்டியவர் டீகூடக் கொடுக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை எண்ணெய் வாசனை வந்தது. முகாஷ் சந்தின் வாயில் ஒரு முக்காலி போட்டு, வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். ரொட்டி தெருப்பக்கமாக வந்தது. பேரப்பிள்ளை வழக்கமான வழியில் சுற்றி வந்திருந்தது. ஆறியிருந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஊரில் ஒருவரும் சந்தில் நுழையவில்லை. திறந்திருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் கால் வரவில்லை.

மூன்றாவது வியாழக்கிழமை முகாஷ் சூராவைக் கூப்பிட்டு எண்ணெய் வைக்கச் சொன்னார். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. சட்டியிலிருந்து எடுத்த ரொட்டியை ஏழாக அடுக்கித் துணியில் மூடித் தந்தாள். அவர் செருப்பை மாற்றாமல், சந்துக்குள் இறங்கினார். கீழே செங்கல் துணுக்குகள் நறநறத்தன. அந்த வழி இவ்வளவு குட்டையானது என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. நடக்க ஆரம்பிப்பதற்குள் ஒர்மோனின் முற்றம் வந்துவிட்டது. என்ன சொல்வது என்று வழியில் யோசிக்கலாம் என்றிருந்தார். யோசிக்க வழி இல்லை.

ரைகான் கதவருகே நின்றிருந்தாள். அவர் துணி மூட்டையை நீட்டினார். அவள் வாங்கினாள். வாங்கியவள் சட்டென்று அடுத்த கைக்கு மாற்றிப் பிடித்தாள்.

"சுடுதுண்ணே" என்றாள்.

உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. முகாஷும் எதிர்பார்க்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்த வழியே திரும்பினார். பாதிச் சந்தில், சுவர் இருந்த இடத்தில், நின்றுவிட்டார். அன்றைக்குச் சுவர் முன்னால் நின்றுபோன ஓலம் எங்கேயோ மிச்சமிருந்திருக்கிறது. அவர் செங்கல் துணுக்குகளின் மேல் குந்தி உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதார். இரண்டு பக்கத்து வீட்டிலும் கேட்டது. ஒருவரும் வெளியே வரவில்லை. ஒருவரும் கதவைச் சாத்தவும் இல்லை.